பன்னிரண்டாம் நாளுக்கு அடுத்த நாள்

என் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்று போன் பேசிய ஒரு மத்தியானம் என் மனசிலிருந்து போகவே மாட்டேன் என்கிறது. அயர்ன் மேஜையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. புதுத் துணி சூடாகும்போது வரும் வாசனை சோறு வேகும் வாசனை மாதிரியே இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கோணும். பக்கத்துல ஆருனா இருக்காங்களா?"

என் மகள் நித்யா. எனக்கு ஒரே பிள்ளை. தாராபுரத்தில் மாமியார் வீட்டிலிருந்து பேசினாள். அவளுக்குத் தலைப்பிரசவம் ஆகி ஐந்தாறு மாதம் இருக்கும்.

"ஆருமில்ல. சொல்லு கண்ணு" என்றேன். சுற்றிலும் முப்பது பேர் இருந்தார்கள். மிஷின் இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது.

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "இருமுனா, சிரிச்சா, பாப்பாவத் தூக்குனா, ஒண்ணுக்குப் போயிருதும்மா. நானாப் போறதில்ல, அதாப் போவுது. என்னையப் பெத்தப்ப உனக்கும் இப்படி இருந்துச்சா?"

"எனக்கா?" என்று சிரித்தேன். "எனக்கென்ன கேடு? பன்னெண்டாம் நாளு கம்பெனிக்குப் போனவ நானு. நீங்கெல்லாம் உக்காந்து திங்கற ஒடம்பு, அதான் தாங்க மாட்டேங்குது."

"சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

கீழே விழுந்து கிடந்த ஒரு பீஸை எடுக்கக் குனிந்தேன். குனிந்ததுதான் தாமதம், எனக்கும் போய்விட்டது. நான் என் மகளிடம் இல்லை என்று சொன்ன அந்த நிமிஷத்திலும் என் சேலைக்குள்ளே நான்காய் மடித்த பனியன் துணி ஈரமாகத்தான் இருந்தது.

எழுதாமல் விட்டது

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு அந்தப் பன்னிரண்டாம் நாள் ஞாபகம் இருக்கும். குண்டடம் பக்கத்துக் காட்டிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள், நாலாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவள், பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் கம்பெனியில் போய் நின்றாள் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். இரும்பு மனுஷி என்று ஒருவர் எழுதியிருந்தார். நான்கு தடவை படித்தேன். பொய் சொல்வானேன், ஐந்து தடவை.

எழுதியதில் பொய் எதுவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் போனது நிஜம். பதிமூன்றாம் நாளை எழுதாமல் விட்டுவிட்டேன்.

அப்போது நான் கைமடிக்கிற வேலையில் இருந்தேன். டெய்லர் தைக்கத் தைக்கப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்க வேண்டும், தைத்ததைக் கட்டாகக் கட்டி மாடிக்குச் சுமக்க வேண்டும். ஒரு வாரம் வராவிட்டால் அந்த இடத்தில் இன்னொருத்தி நிற்பாள். என் வீட்டுக்காரருக்கு அப்போது நிலையான வேலை இல்லை.

பிரசவம் நடந்தது நாங்கள் குடியிருந்த வாடகை அறையில். ஒன்றரை நாள் வலி. குழந்தை பெரிது. பிரசவம் பார்க்க வந்த அம்மாள் என் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து மாவு பிசைகிற மாதிரி அழுத்தினாள். கீழே கிழிந்தது. தையல் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சின வெந்நீர் ஊற்றினார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

பதிமூன்றாம் நாள் ஒரு கட்டைத் தலையில் வைத்து மாடிப்படி ஏறினேன். ஐந்தாவது படியிலோ ஆறாவது படியிலோ தொடை வழியே சூடாக இறங்கியது. ரத்தம் என்றுதான் நினைத்தேன். கட்டை இறக்கிவிட்டுப் பார்த்தேன். ரத்தம் இல்லை.

அடுத்த படியின் ஓரத்தில் குடிதண்ணீர்க் குடம் இருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு அதை முழங்கையால் தட்டிவிட்டேன். குடம் உருண்டு, நானும் படியும் கட்டும் நனைந்து போனோம். மேஸ்திரி ஓடி வந்தார்.

"கண்ண எங்கே வெச்சுட்டு வாரே? மூணு டஜன் நனைஞ்சு போச்சு!"

"தெரியாமப் பட்டிருச்சுங்" என்றேன்.

என்ன மூளை பாருங்கள். இருபத்திரண்டு வயசில் ஒரு நொடியில் யோசித்து அந்தக் குடத்தைத் தட்டினேன். அந்த மூளையால்தான் பின்னால் ஒரு மிஷினை நாலாக்கி, நாலை நாற்பதாக்கினேன். அன்றைக்கு அந்த மூளை கொஞ்சம் கம்மியாக வேலை செய்திருந்தால், யாராவது ஒருத்தி என்ன ஏது என்று கேட்டிருப்பாள்.

அடர் நிறங்கள்

பனியன் கம்பெனியில் இருக்கிறவளுக்குத் துணிக்கா பஞ்சம்? கட்டிங்கில் விழுகிற வேஸ்ட்டில் நல்லதாகப் பொறுக்குவேன். கண்ணைக் கட்டிவிட்டுத் துணியைக் கையில் கொடுங்கள், அது எத்தனை கிராம் கனம் என்று சொல்கிறேன். இன்றைக்கும் சொல்வேன். எது ஈரம் குடிக்கும், எது அரைமணி நேரத்தில் கசியும் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. இதை மட்டும் நான் வெளியில் பெருமை பேசியதில்லை.

வீட்டில் வேலைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்தத் துணிகளை மட்டும் நானே துவைப்பேன். என் குளியலறைக்குள்ளேயே கயிறு கட்டி, கதவைச் சாத்தி, ஃபேன் போட்டுக் காய வைப்பேன். அறுபது வயசில் கடையில் போய் நாப்கின் கேட்டால் தெருவே கேள்வி கேட்கும் என்று பயம்.

வெளிர் நிறச் சேலை கட்டியதே இல்லை. அரக்கு, கருநீலம், பாசிப்பச்சை. துணி வாங்க வெளிநாட்டிலிருந்து வரும் பையர் ஒருவர் என் ரசனையைப் புகழ்ந்து பேசியிருக்கிறார். நானும் தலையை ஆட்டிக்கொண்டேன்.

காலையில் தண்ணீர் குடிக்க மாட்டேன். வேலை முடியும் வரை இரண்டு வாய் டீ. கல்யாணத்துக்குப் போனால் மணமேடையைப் பார்ப்பதற்கு முன்னால் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். முகூர்த்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன், பந்தியில் உட்கார மாட்டேன். சொந்தக்காரர்கள் வேன் பிடித்துக் கோயிலுக்குப் போகும்போது கூப்பிடுவார்கள். வேலை இருக்கிறது என்பேன். நாலு தடவை கூப்பிட்டார்கள். அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

பணம் வந்ததும் திமிர் வந்துவிட்டது என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டேன். நாற்றம் பிடித்தவள் என்ற பேருக்குத் திமிர் பிடித்தவள் என்ற பேர் எவ்வளவோ மேல்.

என் வீட்டுக்காரர் இறந்து போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் நான் ஒருத்திதான். நாலு குளியலறை இருக்கிறது. நாலும் எனக்குத்தான்.

தாய் வீடு

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டு, கட்டுச்சோறு கொண்டுபோய், மகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கூரை வீட்டுக்காரர்கள்கூட அதை விட மாட்டார்கள்.

நான் கூட்டிக்கொண்டு வரவில்லை.

நித்யா வந்தால் நாலு மாதம் இருப்பாள். என் அறைக்கு வருவாள், கட்டிலில் படுப்பாள், குளியலறைக் கதவைத் திறப்பாள். கயிற்றைப் பார்ப்பாள். ஷிப்மென்ட் நெருக்குகிறது, உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், ஆள் போட்டுத் தருகிறேன், செலவெல்லாம் என்னுடையது என்று சம்பந்தியிடம் சொன்னேன். அந்த அம்மாள் மறுப்பேதும் சொல்லாமல் "சரிங்க" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை மென்று துப்பின மாதிரி சொன்னார்கள்.

அதோடு விட்டேனா? குழந்தை பெரிதாக இருக்கிறது என்று டாக்டரம்மா இரண்டு வழியும் விளக்கிச் சொல்லி, யோசித்துச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். நித்யா என்னிடம்தான் கேட்டாள்.

"ஆப்பரேசன் பண்ணிக்கிட்டுமா, இல்ல வலி வர வரைக்கும் பாக்கட்டுமாம்மா?"

என் உடம்பில் நடந்ததைச் சொல்லிவிட்டு, டாக்டரைக் கேட்டு நீயே முடிவு பண்ணு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"ஆப்பரேசனா? எந்த டாக்டரு என்னையக் கீறுனாங்க? என்ற வயித்துல பொறந்துட்டு இதெல்லாம் கேக்கறயே!"

அவள் வலிக்குக் காத்திருந்தாள். பதினெட்டு மணி நேரம். கடைசியில் கருவி வைத்து எடுத்தார்கள். நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்துத்தான் அந்த மத்தியானப் போன். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. சாப்டாச்சா, மழை பெய்யுதா, பாப்பா இஸ்கூல் போயிட்டா. ஆறு வருஷம் இவ்வளவுதான் பேச்சு. தாராபுரம் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். அவள் வீட்டில் நான் ஒரு பொழுது முழுசாக இருந்ததில்லை.

கேண்டீனில் ஒரு கூட்டம்

போன வருஷம் ஒரு பையர், பெண் தொழிலாளர்களுக்கு உடல்நலக் கூட்டம் நடத்தியே தீர வேண்டும் என்றான். கேண்டீன் மேஜைகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்தோம். பிசியோதெரபி படித்த ஒரு பெண் மைக்கோடு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. முதலாளி என்பதால் எனக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"இருமும்போது, தும்மும்போது யாருக்கெல்லாம் ஒண்ணுக்குக் கசியுது? கை தூக்க வேண்டாம்க்கா. மனசுக்குள்ள தூக்குங்க போதும்" என்றாள்.

அறுபது பொம்பளைகளும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். சிரித்ததில் இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

"ஏனுங், ஆப்பரேசன்ல பெத்துக்கிட்டா இது வராதுங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"கொஞ்சம் குறையும். வரவே வராதுன்னு சொல்ல முடியாது. மாசமா இருக்கும்போது சுமக்கிற பாரமே அந்தச் சதையைத் தளர்த்தும். ஆப்பரேசனுக்கு அதுக்குன்னு வேற கஷ்டம் இருக்கு. எப்படிப் பெத்தாலும் பொறவு அந்தச் சதைக்குப் பயிற்சி வேணும். அதைத்தான் யாரும் நமக்குச் சொல்லுறதில்ல."

அப்போதுதான் ஓவர்லாக் மிஷின் லைனில் தைக்கிற ராசாத்தி எழுந்தாள். வாய்க்காரி. என் கம்பெனியில் பதினைந்து வருஷமாக இருக்கிறாள்.

"இதெல்லாம் எங்கள மாதிரி சோனிகளுக்குத்தானுங். எங்க மொதலாளியம்மா பன்னெண்டாம் நாளே கம்பெனிக்கு வந்தவீங்க. அவீங்க கதையக் கேட்டுட்டு நானும் நாப்பதாம் நாளு வந்து உக்காந்தனுங். அன்னைலேர்ந்து ஸ்டூல் மேல பிளாஸ்டிக் கவரு போட்டுத்தான் உக்கார்றேன். நம்முளுக்குத்தேன் ஒடம்புல தெம்பில்லைனு நெனைச்சு ஊட்டுல கூடச் சொல்லுலீங்."

கூட்டம் மறுபடியும் சிரித்தது. ராசாத்தியும் சிரித்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிண்டல் இல்லை அது. மரியாதையாகத்தான் பார்த்தார்கள். சாமியைப் பார்க்கிற மாதிரி.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். மைக் கை நீட்டும் தூரத்தில் இருந்தது. நாற்காலியில் நான் நனைந்திருந்தேன். எழுந்தால் தெரிந்துவிடும் என்று கூட்டம் கலைகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவளுடைய ஸ்டூலின் பிளாஸ்டிக் கவரை வருஷக்கணக்காகத் தினமும் பார்த்திருக்கிறேன். துணியில் எண்ணெய் படாமல் இருக்கப் போட்டிருக்கிறாள் என்று ஒரு தடவை மற்றவர்களிடம் அவளை மெச்சியும் இருக்கிறேன்.

எலாஸ்டிக்

அந்தத் திருநெல்வேலிப் பெண்ணை என் அறைக்குக் கூப்பிட்டேன். கதவைத் தாழ் போட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் வாயில் அடைத்து வைத்திருந்ததைச் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இவ்வளவு நாளா ஏம்மா யார்கிட்டயும் காட்டல?"

"எலாஸ்டிக் போனா போனதுதானுங்க" என்றேன். "ஜட்டி தைக்கறவளுக்குத் தெரியாதா? ஒருக்கா இழுத்து லூசாப் போச்சுன்னா பிரிச்சுத் தூக்கிப் போடறதுதேன். அதுக்குப் போயி வைத்தியம் ஏது?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எலாஸ்டிக் இழுக்க இழுக்கத் தளரும். இது சதைம்மா. வேலை கொடுக்கக் கொடுக்க இறுகும். உங்க கையைப் பாருங்க. கட்டுச் சுமந்து சுமந்து தேய்ஞ்சா போச்சு? உரமேறித்தானே இருக்கு?"

நான் என் கையைப் பார்த்தேன். என் தொழிலே எனக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டது. வேறு வேலை பார்த்தவளாக இருந்தால் எப்போதோ டாக்டரிடம் போயிருப்பேனோ என்னவோ.

முதலில் ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினாள். கருப்பை இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பயமில்லை என்றார்கள். பிறகு பயிற்சி. ஒண்ணுக்கையும் காற்றையும் அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்து, மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. எத்தனை எண்ணுகிற வரை பிடிக்க முடிகிறதோ அத்தனை எண்ணி, விட வேண்டும். பத்துத் தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. தண்ணீரைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் இன்னும் எரிச்சல்தான் ஆகும் என்றாள். பயந்து பயந்து வராத ஒண்ணுக்குக்கெல்லாம் ஓடக் கூடாது என்றாள். மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள் என்றாள்.

முதல் நாள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. அவ்வளவுதான், நழுவிவிட்டது. நாற்பது மிஷின் ஓட்டுகிறவளுக்கு அது ஒன்றை மூன்று எண்ணிக்கை பிடிக்க முடியவில்லை.

எத்தனை?

ஆறு வரை வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நித்யாவுக்குப் போன் செய்தேன்.

"சாப்டாச்சா?" என்றாள்.

"கண்ணு, அன்னைக்கு ஒண்ணு கேட்டயே. கொழந்தையத் தூக்குனாப் போவுதுன்னு. எனக்கு இல்லைன்னு சொன்னேன். பொய்யி சாமி. உன்னையப் பெத்த பதிமூணாம் நாள்லேர்ந்து இருக்குது. இப்பவும் இருக்குது. இப்பத்தேன் எண்ணி எண்ணிப் பயிற்சி பண்ணீட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்தாள். அந்தச் சத்தமும் கேட்டது.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"சின்னப்புள்ளைல தெரியும். தும்மல் வந்தா நீ காலப் பின்னிக்குவ. இங்க வந்தாச் சோபாவுல உக்கார மாட்ட, பிளாஸ்டிக் சேருதான் கேப்ப. எங்கத்தை உன்னையக் கெருவம்னு சொல்றப்பெல்லாம் பேசாம இருப்பேன்."

"தெரிஞ்சுமா கேட்ட?"

"தெரிஞ்சுக்கறதுக்காகவா கேட்டேன்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "எனக்குப் பயமா இருந்துச்சும்மா. ஆமா கண்ணு, எனக்கும் இருக்குதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு கேட்டேன்."

"ஆப்பரேசன் வேண்டாம்னு நான் சொன்னதாலதேன்..."

"அது எதுனாலன்னு டாக்டருக்கே தெரியாது. அதுக்கெல்லாம் உன்னைய ஒண்ணும் சொல்லல" என்றாள். பிறகு அவளே சொன்னாள், "நான் கோயமுத்தூருக்குப் போயிப் பாத்துக்கிட்டேன். நாலு வருஷமாச்சு. பாப்பாவ இடுப்புல வெச்சுட்டுத் தனியா பஸ்ல போயிட்டுப் போயிட்டு வருவேன். இப்பச் செரியாப் போச்சு."

திருப்பூருக்கு வந்து, இங்கே பஸ் மாறித்தான் கோயமுத்தூர் போயிருப்பாள். என் கம்பெனி வாசலில் அந்த பஸ் நிற்கும்.

"எத்தனை வரைக்கும் எண்ணுறே?" என்று கேட்டாள்.

"ஆறு."

"பத்து வரோணும்" என்றாள். "பாப்பா கூப்படறா. வெக்கட்டுமா?"

வைத்துவிட்டாள். வா என்று சொல்லவில்லை. எதிர்பார்த்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். கேட்டதற்கு இல்லை என்று சொல்லி ஆறு வருஷம் எட்டி நின்றவளை ஒரே போனில் கூப்பிட்டுவிடுவார்களா?

மறுநாள் ராசாத்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அடப் போங்கம்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போது பதினொரு மணி டீக்கு மணி அடித்ததும் லைனில் ஏழெட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். என்ன செய்கிறார்கள் என்று சூப்பர்வைசருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் என் அறையில் எண்ணிக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சாப்டாச்சா இல்லை, மழை பெய்யுதா இல்லை.

"எத்தனை?"

அவ்வளவுதான் கேட்டாள்.

வாயில் பத்து என்றுதான் வந்தது. என் வாய் அப்படிப் பழகிய வாய். எத்தனை மிஷின் என்று கேட்டால் நாற்பதை ஐம்பது என்கிற வாய். யார் வந்து எண்ணப் போகிறார்கள்? வீட்டில் என்னைத் தவிர யாருமே இல்லை. முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது, முழுசாகக் குடித்திருந்தேன்.

"ஏழு" என்றேன்.

"செரி" என்றாள் என் மகள். உடனே வைக்கவில்லை.